வேறொரு வீட்டுக்கு ஆயத்தம்

பந்தயம் முடிந்த கிரேஹவுண்ட் நாய்களை வீட்டில் வைத்துப் பழக்கிக் கொடுக்கும் பணி



மாலையில் மெல்பர்ன் பூங்காக்களில் நடக்கும்போது இந்த நாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, குச்சி குச்சியாகக் கால்கள். குளிர்காலமென்றால் மேலே ஒரு கோட்டும் போட்டிருக்கும். "ஐயோ, சாப்பாடே போடமாட்டாங்களா?" என்று நம்மவர்கள் இரக்கப்படுவதுண்டு. உண்மையில் அந்த உடல்வாகே அப்படித்தான். அதன் பெயர் கிரேஹவுண்ட். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது. வீட்டுக்கு வந்துவிட்டால் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும்.

கடந்த நான்கு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் இப்படி ஏழு நாய்கள் தங்கிப் போயிருக்கின்றன. ஒன்றும் எங்களுடையதல்ல. இங்கே இதை 'ஃபாஸ்டர்' என்கிறார்கள். மீட்கப்பட்ட நாயைச் சில வாரங்கள் நம் வீட்டில் வைத்து, வீட்டு வாழ்க்கைக்குப் பழக்கி, நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளும் குடும்பத்திடம் அனுப்பிவைக்கும் பணி அது. சபையில் பலர் இதைப்பற்றி எங்களிடம் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

ஓடி முடித்த பிறகு எங்கே?

கிரேஹவுண்ட் பந்தயம் ஆஸ்திரேலியாவில் பெரிய சூதாட்டத் தொழில். செயற்கை முயல் ஒன்று முன்னே விரைய, பெரும்பாலும் எட்டு நாய்கள் அதைத் துரத்தும். அரை நிமிடத்தில் பந்தயம் முடிந்துவிடும். ஒரு நாயின் பந்தய வாழ்க்கையும் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். ஆனால் கிரேஹவுண்ட் 12 வயதுவரையும் அதற்கு மேலும் வாழக்கூடியது. மீதி ஆண்டுகளில் அது எங்கே போகும்?

இந்தக் கேள்வியை நாடு முழுவதும் கேட்கவைத்தது 2015 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சியின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சி. சில பயிற்சியாளர்கள் உயிருள்ள பன்றிக்குட்டிகளையும் முயல்களையும் போஸங்களையும் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடுவதை அது காட்டியது. அதைத் தொடர்ந்து நியூ சவுத் வேல்ஸில் முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையில் விசாரணை நடந்தது. 2016இல் வெளிவந்த அவருடைய அறிக்கையின்படி, அந்த மாநிலத்தில் 12 ஆண்டுகளில் 97,783 கிரேஹவுண்டுகள் பிறப்பிக்கப்பட்டன. அவற்றில் பாதி முதல் 70 விழுக்காடு வரை, போதிய வேகமில்லை என்பதற்காகவோ பந்தயத்துக்கு உதவாது என்பதற்காகவோ கொல்லப்பட்டிருக்கலாம் என்று அது கணக்கிட்டது.

அந்த ஆண்டு ஜூலையில் மாநில முதல்வர் மைக் பேர்ட் பந்தயத்துக்குத் தடை அறிவித்தார். அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்றார். கான்பெரா உள்ள தலைநகரப் பகுதி 2018இல் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியூசிலாந்து அரசு பந்தயத்தை நிறுத்தப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. விக்டோரியாவில் பந்தயங்கள் தொடர்கின்றன.

சூதாட்டத்தை நாம் ஆதரிப்பதில்லை. ஆகவே அதன் கணக்கு வழக்கு எதுவும் நமக்குச் சம்பந்தமில்லை என்று இருந்துவிடலாம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் பந்தயம் வைத்தவனும் வளர்த்தவனும் போன பிறகு, அந்த நாய் மட்டும் மிஞ்சி நிற்கிறது. அதற்கு ஒரு வீடு வேண்டும். வீட்டுக்குப் போகுமுன் வீடென்றால் என்னவென்று யாராவது அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பந்தயத் துறையே 1996 முதல் விக்டோரியாவில் ஒரு தத்தெடுப்புத் திட்டத்தை நடத்துகிறது. அதுதவிர முழுக்க முழுக்கத் தன்னார்வலர்களால் நடக்கும் மீட்பு அமைப்புகளும் பல உண்டு. எல்லோருக்கும் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது ஒன்றுதான்: இடைக்காலத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகள்.

வேதத்தில் நாய்

ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். வேதாகமத்தில் நாய்க்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. நாய் என்ற சொல் வரும் இடங்களில் பெரும்பாலானவை இகழ்ச்சியானவை. தெருவில் திரிந்து கிடைத்ததைத் தின்னும் நாய்களையே அக்காலத்து மக்கள் அதிகம் கண்டார்கள். ஆங்கிலத்தின் பழைய கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் நீதிமொழிகள் 30:31இல் 'கிரேஹவுண்ட்' என்ற சொல்லே வருகிறது. அந்த எபிரெயச் சொல் எந்த விலங்கைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல அதைச் சேவல் என்கின்றன. ஆகவே அந்த வசனத்தைக் காட்டி எங்கள் நாய்க்குப் பெருமை தேட முடியாது!

ஆனால் விலங்குகளை நடத்தும் விதத்தைப்பற்றி வேதம் தெளிவாகப் பேசுகிறது. நீதிமான் தன்னிடமுள்ள மிருகத்தின் உயிரைக்குறித்துக் கவலைப்படுகிறான் என்ற கருத்தை நீதிமொழிகள் 12:10இல் பார்க்கிறோம். யாத்திராகமம் 23:12இல் ஓய்வுநாளின் இளைப்பாறுதல் மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. நினிவேயைத் தப்பவிட்டதற்குக் காரணம் சொல்லும்போது, அங்கிருந்த மிருகஜீவன்களையும் கர்த்தர் கணக்கில் சேர்க்கிறார். யோனா புத்தகமே அந்த வார்த்தையோடுதான் முடிகிறது.

"மனுஷங்களுக்கே சாப்பாடு இல்ல, நாய்க்கா?" என்று சபையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலான அமைப்புகள் உணவையும் மருத்துவச் செலவையும் ஏற்றுக்கொள்கின்றன. நாங்கள் கொடுப்பது இடமும் நேரமும்தான். எங்கள் ஊழியக் காணிக்கை இதனால் குறையக்கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். இன்னொன்றும் நடந்தது. எங்கள் தெருவில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் இரண்டு வீட்டார் பெயர்தான் எங்களுக்குத் தெரியும். நாயோடு நடக்கத் தொடங்கிய பிறகு தெரு முழுவதும் தெரியும். யார் வீட்டில் புற்றுநோய், யார் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் தெரியும்.

முதல் மூன்று நாட்கள்

எங்களில் ஒருவர் செவிலியர். மருத்துவமனையில் ஒரு பாடம் உண்டு: நோயாளி வார்டுக்குள் வரும் நாளிலேயே அவர் வீடு திரும்பும் நாளுக்கான திட்டம் தொடங்க வேண்டும். வீட்டில் படி இருக்கிறதா, யார் சமைப்பார், மருந்தை யார் எடுத்துக் கொடுப்பார் என்று அன்றே கேட்போம். ஃபாஸ்டரும் அப்படித்தான். நாய் வாசலுக்குள் நுழையும்போதே அது போகப்போகும் வீட்டை மனதில் வைத்துத்தான் வேலை தொடங்குகிறது.

பந்தய நாய் பெரும்பாலும் கூடாரத்தில், மற்ற நாய்களின் நடுவே வளர்ந்தது. அதற்கு நம் வீடு முழுவதும் புதிது. கண்ணாடிக் கதவைத் திறந்த வழி என்று நினைத்து மோதும். வழுவழுப்பான தரையில் கால் வைக்க நடுங்கும். படியேறத் தெரியாது. வாக்குவம் கிளீனரின் சத்தமும் தொலைக்காட்சியின் சத்தமும் பயமுறுத்தும். எங்களிடம் முதலில் வந்த பேர்ல் என்ற பெண் நாய், சமையலறை வாசலில் இருபது நிமிடம் நின்றது. ஓடுகளைத் தாண்டி வரத் துணிவில்லை. குளியலறைக் கால்மிதிகளை வரிசையாகப் போட்டோம். ஒவ்வொன்றாக மிதித்து வந்தது. தினமும் ஒரு மிதியடியாகக் குறைத்தோம். ஒன்பதாவது நாள் ஒன்றும் தேவைப்படவில்லை.

மீட்புப் பணியில் இருப்பவர்கள் 'மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்ற நம்பிக்கை வரும். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் முதல் மூன்று நாட்களில் விருந்தினரை அழைக்கக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது, கட்டிப்பிடிக்கக்கூடாது என்பதை நாங்கள் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். ஓர் அமைதியான மூலை, மெத்தை, தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, மணிக்கொரு முறை வெளியே கூட்டிப்போதல். இவை போதும். வெளியே கழித்தவுடன் பாராட்டி ஒரு துண்டு உணவு கொடுத்தால், பெரும்பாலான நாய்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கின்றன.

உடலையும் பார்க்க வேண்டும். கிரேஹவுண்டுக்குக் கொழுப்பு மிகக் குறைவு, தோல் மெல்லியது. வேலியில் உரசினால்கூடத் தோல் கிழியும். மெல்பர்ன் குளிருக்குக் கோட்டு தேவை. கோடையில் நண்பகல் நடை கூடாது. புறங்கையை நடைபாதையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. தலை கழுத்தைவிட ஒடுங்கியிருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்றுவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் போட வேண்டும். பல்லில் நோய் இருப்பது சகஜம். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது, சில பழைய வகை மருந்துகளிலிருந்து இந்த இனம் தெளிய அதிக நேரமாகும். அதனால் கிரேஹவுண்டுகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போவது நல்லது.

நம் வாலிபருக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி: கிரேஹவுண்டின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு மற்ற நாய்களைவிட அதிகம். பெரும்பாலானவற்றின் இரத்த வகையும் மற்ற நாய்களுக்கு ஏற்றத் தக்கது. அதனால் விலங்கு மருத்துவமனைகள் இரத்த தானத்துக்கு இந்த நாய்களைத் தேடுகின்றன.

தமிழ் வீட்டில் கவனிக்க வேண்டியவை

அமைப்புகள் கொடுக்கும் கையேட்டில் நம் வீட்டுச் சங்கதிகள் இருக்காது. ஆகவே இவற்றைத் தனியாக எழுதுகிறோம்.

வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. குழம்பில் பிசைந்த மிச்சச் சோறு ஊரில் நாய்க்குப் போடும் வழக்கம். இங்கே அதை விட்டுவிட வேண்டும். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதாவது நம் கிறிஸ்துமஸ் கேக் நாய்க்கு ஆபத்து. சாக்லெட்டும், சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலும் அப்படியே.

வீட்டு ஜெபக்கூட்டத்தன்று ரோல்ஸும் கட்லெட்டும் சிறிய மேசையில் இருக்கும். கிரேஹவுண்டின் மூக்கும் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். கூட்டம் முடியும்வரை நாய் வேறு அறையில், கதவு சாத்தியபடி இருப்பது எல்லோருக்கும் நல்லது. கேரல் குழுவினர் வரும்போதும், புத்தாண்டு இரவில் வாணவேடிக்கை நடக்கும்போதும் அதே ஒழுங்கு. ஆராதனை முடிந்து நள்ளிரவுக்குப் பிறகு திரும்பும் வீடுகளில் யாராவது ஒருவர் நாயோடு தங்க வேண்டியிருக்கும்.

நம் பெரியவர்களின் பயத்தையும் கேலி செய்யக்கூடாது. ஊரில் நாய்க்கடி என்றால் வெறிநோய். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. திருநெல்வேலியிலிருந்து மூன்று மாதம் தங்க வந்த அத்தை, முதல் வாரம் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார்கள். "வீட்டுக்குள்ளயா நாயி? ஜெபம் பண்ற வீடுல்லா இது?" என்றார்கள். சின்ன வயதில் அவர்கள் தம்பிக்கு அந்த 14 ஊசியும் போடப்பட்டதை அப்போதுதான் சொன்னார்கள். ஆஸ்திரேலிய நாய்களிடம் வெறிநோய் இல்லை என்று விளக்கினோம். அதைவிட, அத்தையின் அறை வாசலில் குறுக்குக் கதவு ஒன்றை மாட்டியதுதான் உதவியது. நாய் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பது அவர்கள் கையில் இருந்தது. ஊருக்குப் போகிற மாதத்தில் அந்தக் கதவை அவர்களே திறந்து வைத்திருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு நான்கு விதிகள். தூங்கும் நாயைத் தொடக்கூடாது. கிரேஹவுண்ட் கண்ணைத் திறந்துகொண்டேகூடத் தூங்கும், திடுக்கிட்டு விழித்தால் கடிக்க நேரிடலாம். தூரத்தில் நின்று பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். சாப்பிடும்போது அருகில் போகக்கூடாது. முகத்தோடு முகம் வைக்கக்கூடாது. நாய் உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, உடல் விறைத்து ஓரக்கண்ணால் பார்த்தாலோ விலகி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். உறுமினால் அதட்டக்கூடாது என்பது பெரியவர்களுக்கான விதி. உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரிப்பதற்காக அடி வாங்கிய நாய், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். ஒருவேளை கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுச் சில நிமிடங்கள் நன்றாகக் கழுவி, சிறிய காயமென்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தனியாக இருக்கப் பழகுதல்

ஃபாஸ்டரில் மிகக் கடினமான பாடம் இதுவே. கூட்டமாக வளர்ந்த நாய் தனிமையை அறியாது. தத்துப் போன வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போனதும் ஊளையிட்டால், அண்டை வீட்டார் புகார் செய்வார்கள். நாய் திரும்பி வந்துவிடும். ஆகவே முதல் வாரத்திலேயே தொடங்குகிறோம். அறையை விட்டு அரை நிமிடம் வெளியே போய் வருதல். பிறகு இரண்டு நிமிடம். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, காலணி போட்டுக்கொண்டு, எங்கும் போகாமல் மறுபடி உட்காருதல். பிறகு குப்பைத்தொட்டி வரை. பிறகு கடை வரை. போகும்போது உறைந்த உணவு அடைத்த ஒரு ரப்பர் பொம்மையைக் கொடுப்போம். வரும்போது ஆரவாரம் இல்லை. நாய் கலங்கினால் முந்திய படிக்குத் திரும்பிப்போவோம்.

எங்கள் ஷிப்ட் வேலை இதற்கு வசதியாக இருந்தது. ஒருவர் இரவுப் பணி முடிந்து பகலில் தூங்கும்போது, நாய் வேறு அறையில் தனியாக, ஆனால் வீட்டில் ஆள் இருக்கும் தைரியத்தோடு பழகும். நாய் நம்மையே சுற்றி வருவது நமக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் நாம் இல்லாவிட்டால் உண்ணாத நாயை உருவாக்கினோமென்றால், அது அன்பின் பெயரில் அதற்குச் செய்யும் தீங்கு.

உள்ளதை உள்ளபடி

நாயைப்பற்றி அமைப்புக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். பூனையோடு எப்படி, சின்ன நாய்களோடு எப்படி, பிள்ளைகளோடு எப்படி, எதற்குப் பயப்படுகிறது, எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும் என்பதெல்லாம் அதில் வரும். மருத்துவமனையில் ஷிப்ட் மாறும்போது நோயாளியைப்பற்றி அடுத்தவரிடம் ஒப்படைக்கிறோமே, அதைப் போன்றது. அதில் ஒரு வரி குறைந்தாலும் அடுத்தவர் கையில் ஆபத்து.

ஐந்தாவதாக எங்களிடம் வந்தது ஜெட். கறுப்பு ஆண் நாய், நான்கு வயது, 34 கிலோ. எங்கள் மகள் படிக்கும்போது அவள் காலடியில் படுத்திருக்கும். இடியோசைக்குக்கூட அசையாது. ஆனால் தெருவில் பஞ்சுபோன்ற சின்ன நாய் ஒன்றைக் கண்டால் வேறு ஆளாகிவிடும். உடல் விறைக்கும், காது நிமிரும், கண் இமைக்காது. பிறகு ஒரே பாய்ச்சல். அமைப்பின் பயிற்சியாளர் வந்து, வாயில் கூடை மாட்டி, தூரத்தில் வைத்து, வெவ்வேறு நாட்களில் மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் அதே பதில்.

அந்தச் சமயத்தில் சபையிலேயே ஒரு குடும்பம் ஜெட்டைக் கேட்டது. பத்து ஆண்டுப் பழக்கம். எங்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குச் சமைத்துக் கொடுத்தவர்கள். ஜெட்டை எங்கள் வீட்டில் பார்த்துப் பார்த்து அவர்கள் மகனுக்கு ஆசை வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்ன மால்டீஸ் கலப்பு நாய் இருக்கிறது.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா குடுத்துடுவாங்கல்ல? ரெண்டையும் பழக்கிக்கலாம். நாங்க பாத்துக்கறோம்."

முடியாது என்றோம். காரணத்தைச் சொன்னோம். "எங்கள நம்பலயா?" என்றார்கள். அடுத்த இரண்டு மாதம், ஆராதனை முடிந்து தேநீர் வேளையில் அவர்கள் வேறு மேசைக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கும் அது தெரிந்தது.

அறிக்கையிலும் அதையே எழுதினோம்: சின்ன நாய்களும் பூனைகளும் உள்ள வீட்டுக்கு ஏற்றதல்ல. அதைப் படித்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். மே மாதம் வந்த ஜெட் ஆகஸ்டிலும் எங்களோடு இருந்தது. 'சின்ன நாய்களோடு கொஞ்சம் பழக்கம் தேவை' என்று எழுதியிருந்தால் ஜூலையிலேயே போயிருக்கும். அந்த வரியைப் போட்டுவிடலாமா என்று ஓர் இரவு நாங்கள் இருவரும் பேசியதும் உண்டு. நாயின் நன்மைக்காகத்தானே என்று தோன்றும். ஆனால் யாரோ ஒரு வீட்டுத் தோட்டத்தில், யாரோ ஒரு பிள்ளையின் கண்முன்னே அந்த வரி என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்தோம். அப்படி நடந்தால் ஜெட்டும் உயிரோடு இருக்காது. அறிக்கையை மாற்றவில்லை.

அக்டோபரில் பல்லாரட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதியர் வந்தார்கள். வேறு விலங்கு இல்லாத வீடு, உயரமான வேலி. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டார்கள். "இவ்வளவு தெளிவா எழுதினதாலதான் வந்தோம்" என்றார்கள். ஜெட் இன்று அங்கே இருக்கிறது.

சபைக் குடும்பத்தின் வருத்தம் முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஜெபித்தோம், பேசினோம். அவர்களின் சின்ன நாய் எங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

அனுப்பிவைத்தல்

"எப்படித்தான் கொடுக்க மனசு வருது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மனசு வருவதில்லை என்பதே பதில். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் அழுகிறார்கள். ஃபாஸ்டர் நாயைத் தாங்களே தத்தெடுத்துவிடுகிறவர்களும் உண்டு; அதில் தவறில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நாய்க்குத்தான் இடம். ஒன்றை வைத்துக்கொண்டால் அதற்குப் பின் வரவிருந்தவற்றுக்குக் கதவு அடைபடும். மகனுக்கு இதைக் கணக்காகச் சொன்னபோது புரிந்தது: பேர்லை வைத்திருந்தால் ஜெட் வந்திருக்காது.

மோசேயின் தாயைப்பற்றி ஓய்வுநாள் பாடசாலையில் படித்திருக்கிறோம். பெற்ற பிள்ளையை வேறொரு வீட்டுக்காகப் பாலூட்டி வளர்த்தவள் அவள். அந்தத் துயரத்தோடு இதை ஒப்பிட மாட்டோம். ஆனால் நம்முடையது என்று பிடித்துவைக்காமல், அடுத்த இடத்தில் அது நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக உழைக்கும் அன்பு ஒன்று உண்டு. ஆசிரியர்களுக்கு அது தெரியும். வாலிபரை வளர்க்கும் தலைவர்களுக்கும் தெரியும். எங்கள் பிள்ளைகள் அதைப் பத்து வயதிலேயே கொஞ்சம் கற்றுக்கொள்கிறார்கள்.

போகும் நாளில் நாயோடு அதன் போர்வையையும் துவைக்காமல் கொடுத்தனுப்புவோம். பழகிய வாசனை முதல் இரவில் அதற்கு உதவும். உணவு அளவு, நேரம், பழகிய சொற்கள் எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். புது வீட்டார் பேசும் மொழியில் அழைத்தால்தான் புரியும் என்பதால், எங்கள் வீட்டில் எவ்வளவு தமிழ் பேசினாலும் 'கம்', 'வெயிட்' என்ற கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் பழக்குகிறோம். பேர்ல் மட்டும் 'வா வா' என்றாலும் வரும். அதையும் தாளில் எழுதிக் கொடுத்தோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

எல்லா வீட்டுக்கும் இது ஏற்றதல்ல. கைக்குழந்தை உள்ள வீடு, நோயாளி உள்ள வீடு, காலை முதல் இரவு வரை ஆளில்லாத வீடு ஆகியவற்றில் இப்போது வேண்டாம். மற்றவர்கள் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் ஒருவர் மனப்பூர்வமாகச் சம்மதிக்காவிட்டாலும் பொறுத்திருங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதி கேட்க வேண்டும். 2020 முதல் விக்டோரியாவில் அவர் தகுந்த காரணமில்லாமல் மறுக்க முடியாது. 2019 முதல் இங்கே வளர்ப்புக் கிரேஹவுண்டுக்கு வாய்க்கூடை கட்டாயமில்லை. ஆனால் பொது இடத்தில் கயிறு கட்டாயம். எவ்வளவு சாதுவான நாயானாலும் ஓடத் தொடங்கினால் கூப்பிட்ட குரல் எட்டாது.

18 வயது நிறையாத தம்பி தங்கைகள் பெற்றோரோடு சேர்ந்துதான் ஃபாஸ்டர் செய்ய முடியும். ஆனால் பழைய போர்வைகளையும் துண்டுகளையும் சேகரித்துக் கொடுக்கலாம். நல்ல புகைப்படம் எடுக்கத் தெரிந்தவர்கள் தத்துக்குக் காத்திருக்கும் நாய்களைப் படமெடுத்துக் கொடுக்கலாம். கறுப்பு நாயைப் படமெடுக்கும்போது கண்ணில் வெளிச்சம் விழும்படி எடுங்கள். ஜெட்டின் படத்தை அப்படி எடுத்தது நம் வாலிபர் குழுவைச் சேர்ந்த ஒரு தம்பிதான்.

வாலிபர் கூடுகையில் பேச

1. நாம் ஆதரிக்காத ஒரு தொழிலால் பாதிக்கப்பட்ட உயிருக்கு நாம் பொறுப்பா? நீதிமொழிகள் 12:10ஐ வாசித்துப் பேசுங்கள்.

2. நல்ல நோக்கத்துக்காக ஓர் உண்மையைக் கொஞ்சம் மழுப்பிச் சொல்லத் தோன்றிய சமயம் உண்டா? யாருக்கு அதனால் விலை கொடுக்க நேர்ந்திருக்கும்?

3. உங்களை வேறொரு இடத்துக்கு ஆயத்தப்படுத்தி அனுப்பிவைத்தவர்கள் யார்? இந்த வாரம் அவர்களில் ஒருவருக்கு நன்றி சொல்லுங்கள்.